கூட்டு வாக்கைச் செல்வாக்காக மாற்றுவது எப்படி: ரொறன்ரோப் பெரும்பாகத் தமிழருக்கு ஒரு கையேடு

கனடாவில் ஓர் அரசியல்வாதி தைப்பொங்கல் மேடையில் வேட்டி கட்டி நின்று வணக்கம் சொல்வதற்கும், அவரே அடுத்த மாதம் வரவுசெலவுத் திட்டத்தில் நம் பகுதிக்கென்று ஒரு தொகையை ஒதுக்கச் செய்வதற்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. முதலாவது நமக்கு இலகுவாகவே கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கிடைக்க வேண்டுமானால், நம் வாக்குகள் ஒருமித்து விழக்கூடியவை, எண்ணிக் காட்டக்கூடியவை, எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுக்கப்படாதவை என்ற மூன்றும் அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் நகரசபைத் தேர்தல்களுக்கு 2026 அக்டோபர் 26 என்று நாள் குறிக்கப்பட்டிருப்பதால், இங்கே தரப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் ரொறன்ரோ, மார்க்கம் ஆகிய நகரங்களைச் சார்ந்தவை.

எந்தத் தேர்தலில் தொடங்குவது

பாராளுமன்றத் தேர்தல் வந்தால் நம்மவரிடையே காணப்படும் பரபரப்பு, நகரசபைத் தேர்தலின்போது காணப்படுவதில்லை. ஆனால் கூட்டு வாக்கின் கணக்கு இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. வாக்களிக்க வருவோர் எவ்வளவு குறைகிறார்களோ, அவ்வளவுக்கு ஒழுங்காகத் திரண்டு வரும் ஒரு சிறு கூட்டத்தின் எடை கூடுகிறது. 2025 பாராளுமன்றத் தேர்தலில் நாடளாவிய வாக்களிப்பு 70 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. 2022 ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலிலோ அது 30 விழுக்காட்டையும் எட்டவில்லை. 70,000 வாக்காளர்களைக் கொண்ட ஒரு வட்டாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம்மிடம் உறுதியான 1,500 வாக்குகள் இருந்தால், 70 விழுக்காடு வாக்களிப்பில் அவை மூன்று விழுக்காடு. 30 விழுக்காடு வாக்களிப்பில் அவையே ஏழு விழுக்காட்டுக்கும் மேல். உழைப்பு ஒன்றுதான், பலன் இரட்டிப்புக்கும் அதிகம்.

இது வெறும் ஏட்டுக் கணக்காக இருந்துவிடவில்லை. மாகாண அரசு 2018 இல், பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே, ரொறன்ரோவின் வட்டாரங்களை 47 இலிருந்து 25 ஆகக் குறைத்தது. அப்படி ஒன்றாக்கப்பட்ட ஸ்காபரோ ரூஜ் பார்க் வட்டாரத்தில், முந்தைய ஆண்டின் இடைத்தேர்தலில் வென்று ரொறன்ரோ மாநகரசபையின் முதல் தமிழ் உறுப்பினராகியிருந்த நீதன் சாண், ஏறக்குறைய 150 வாக்குகளில் தோற்றார். அந்த வித்தியாசம் நாலைந்து அடுக்குமாடிக் கட்டடங்களுக்குள் அடங்கிவிடக்கூடியது. ஸ்காபரோ சவுத்வெஸ்ட் வட்டாரத்தின் 2023 இடைத்தேர்தலில் இருபதுக்கும் மேற்பட்டோர் போட்டியிட, பார்த்தி கந்தவேள் ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்குகளோடு வெற்றி பெற்றார். இடைத்தேர்தல்கள் பொதுவாகவே அப்படித்தான்: வேட்பாளர்கள் கூடுவார்கள், வாக்காளர்கள் குறைவார்கள், ஒழுங்கு வைத்திருப்பவர் வெல்வார். நீதன் சாண் 2025 இல் அதே ரூஜ் பார்க்கில் மீண்டும் வென்றதும் ஓர் இடைத்தேர்தலில்தான். ஆகவே உங்கள் குழு எப்போதும் தயாராக இருக்க வேண்டிய தேர்தல் இடைத்தேர்தல்; அது அறிவிக்கப்பட்ட பின் ஆயத்தம் செய்யத் தொடங்கினால் காலம் போதாது.

மார்க்கமில் இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே வட்டார உறுப்பினரைத் தவிர, நகரம் முழுவதற்குமாகப் பிராந்திய உறுப்பினர்களும் தெரிவு செய்யப்படுகிறார்கள். 2022 இல் அவ்வாறு நான்கு இடங்கள் இருந்தன, ஒரு வாக்காளர் நான்கு பேர் வரை தெரிவு செய்யலாம். நான்கையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நமக்கு உண்மையில் வேண்டியவர் ஒருவர்தான் என்றால், அவருக்கு மட்டும் வாக்களித்து ஏனைய மூன்றையும் வெறுமையாக விடுவதே வலிமையானது, ஏனெனில் மீதி மூன்று வாக்குகளும் அவருடைய போட்டியாளர்களின் எண்ணிக்கையைத்தான் உயர்த்தும். பல இடங்களுக்கு ஒரே வாக்குச்சீட்டில் தெரிவு நடக்கும் ஊர்களில் சிறுபான்மைச் சமூகங்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறை இது. முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் வீடு வீடாக விளக்கினாலன்றி இதை எவரும் தாமாகச் செய்வதில்லை. சீட்டில் இடமிருப்பதைக் கண்டால் கை தானாக நிரப்பிவிடுகிறது.

ஊர்ப் படமும் தொகுதிப் படமும்

கனடியத் தமிழரின் அமைப்புகள் அனைத்தும் தாயகத்தின் வரைபடத்தைப் பின்பற்றியவை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று எதை எடுத்தாலும், அதன் உறுப்பினர்கள் ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ், பிரம்ப்டன், மிசிசாகா எங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். தேர்தலோ கனடாவின் வரைபடத்தில் நடக்கிறது. ஒரே ஊர்ச் சங்கத்தின் 600 உறுப்பினர்கள் இருபது தொகுதிகளில் பரவியிருந்தால், எந்தத் தொகுதியிலும் அவர்கள் ஒரு பொருட்டல்ல. ஆனால் இருபது சங்கங்களில் ஒரே தொகுதியில் வசிப்பவர்களை ஒன்று சேர்த்தால் அது ஒரு பலம். நம் சமூகத்தில் கூட்டு வாக்கைக் கட்டியெழுப்பும் வேலையின் பாதி இந்த மாற்றியடுக்கலிலேயே அடங்கியிருக்கிறது. இதைச் செய்யாமல் தலைவர்களை மட்டும் அழைத்து ஒரு மண்டபத்தில் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்குவதால், பெயர்ப்பலகை ஒன்று கூடுதலாகக் கிடைக்குமே தவிர வேறு பயன் இராது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் பட்டியலை வெளியே கொடுக்கத் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. மாறாக, "இந்த வட்டாரத்தில் வசிப்போர் விரும்பினால் இங்கே பதிந்துகொள்ளுங்கள்" என்ற அழைப்பைத் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பி, சம்மதித்தவர்களின் அஞ்சற்குறியீட்டையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் வட்டாரக் குழுவிடம் சேர்ப்பிக்கலாம். அந்தப் பட்டியலைக் கட்டடம் கட்டடமாக, தெரு தெருவாகப் பிரித்து, ஏறக்குறைய 25 வீடுகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்களை நியமியுங்கள். பொறுப்பாளர் அதே கட்டடத்தில் வசிப்பவராக இருப்பது முக்கியம். தெரியாத குரல் ஒன்று தொலைபேசியில் வாக்குக் கேட்டால் வைத்துவிடுவோம். மின்தூக்கியில் தினமும் சந்திக்கும் பரமேஸ்வரி அக்கா கேட்டால் அப்படி வைத்துவிட முடியாது.

எண்ணும்போது நேர்மை வேண்டும். "நாங்கள் மூன்று லட்சம் பேர்" என்று மேடையில் முழங்குவது நம் வழக்கம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ் தெரிந்தோர் கனடா முழுவதிலும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர்; அதில் பிள்ளைகள் உண்டு, குடியுரிமை பெறாதோர் உண்டு, வேறு மாகாணத்தவர் உண்டு. வேட்பாளரின் பிரசார முகாமையாளரிடம் வாக்காளர் பட்டியலும் முந்தைய தேர்தலின் வாக்குச்சாவடிவாரி முடிவுகளும் இருக்கும். நீங்கள் சொன்ன தொகை பொய் என்று அவர் ஒரு மாலைப்பொழுதில் கண்டுபிடித்துவிடுவார், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான தொகையையும் நம்பமாட்டார். 18 வயது நிறைந்த கனடியக் குடிமக்களை மட்டும் எண்ணி, "இந்த வட்டாரத்தில் 900 பேர், பெயர் தெரியும், கடந்த முறை இவர்களில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்றும் கேட்டறிந்திருக்கிறோம்" என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு மூன்று லட்சத்துக்கு இல்லை.

எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு மூன்று இடங்களில் தேடலாம். நிரந்தர வதிவிட உரிமையோடு பல ஆண்டுகளாக இருந்துவிட்டவர்கள் முதலாவது: ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் வசித்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆகவே விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவும் ஒரு சனிக்கிழமைப் பட்டறை, அடுத்த தேர்தலுக்கான வாக்காளர்களை இன்றே உருவாக்குகிறது. இரண்டாவது, சொத்துடையோர். ஒன்ராறியோ நகரசபைத் தேர்தல்களில், ஒருவர் வசிக்கும் நகரில் மட்டுமன்றி, தம் பெயரில் சொத்து வைத்திருக்கும் அல்லது வாடகைக்கு எடுத்திருக்கும் வேறு நகரிலும் வாக்களிக்கலாம். அவருடைய வாழ்க்கைத்துணைக்கும் அந்த உரிமை உண்டு. மார்க்கமில் குடியிருந்து ஸ்காபரோவில் கடை நடத்துபவர் இரு நகரங்களிலும் வாக்காளராக இருக்கக்கூடும். கடை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இது பொருந்தாது, ஒரே நகருக்குள் எத்தனை சொத்து இருந்தாலும் ஒரு வாக்குத்தான். மூன்றாவது, இங்கேயே பிறந்து வளர்ந்த இளையோர். இவர்களைப் பெற்றோர் மூலமாக அணுகாதீர்கள்.

வாக்களிக்கும் நாளை விட, அதற்கு முன்வரும் நாட்களே முக்கியம். பாராளுமன்றத் தேர்தலில் நான்கு நாட்கள் முற்கூட்டிய வாக்களிப்பு நடக்கிறது. நகரசபைகளும் அவ்வாறு நாட்கள் ஒதுக்குகின்றன. இரவு வேலை செய்வோர், முதியோர், ஊருக்குப் போகவிருப்போர் ஆகியோரை அந்நாட்களிலேயே வாக்களிக்கச் செய்துவிட்டால், தேர்தல் நாளன்று மிச்சமிருப்பவர்களைத் தேடிப்போக ஆட்கள் இருப்பார்கள். பாராளுமன்றத் தேர்தல் நாளில் வாக்களிப்பதற்குத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைப்பது தொழிலாளியின் உரிமை. வேலைநேரம் அதற்கு இடம் தராவிட்டால் முதலாளி சம்பளத்தோடு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பலர் அறிந்திருப்பதில்லை. வீட்டு முகவரியோடு கூடிய அடையாள ஆவணம் எது என்பதை ஒரு வாரம் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மகன் வீட்டில் வசிக்கும் அம்மம்மாவின் பெயரில் மின்கட்டணச் சிட்டை இருக்காது.

யாரை ஆதரிப்பது என்று யார் முடிவு செய்வது

கூட்டு வாக்கு சிதறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாலு பெரியவர்கள் ஒரு வரவேற்பறையில் கூடி முடிவெடுத்து வாட்ஸ்அப்பில் அறிவித்தால், மறுநாளே வேறு நாலு பெரியவர்கள் வேறொரு முடிவை அறிவிப்பார்கள். எனவே வேட்பாளர் யாரென்று தெரிவதற்கு முன்பே விதியை எழுதிவிடுங்கள்: குழுவில் யாருக்கு வாக்கு, எத்தனை விழுக்காடு ஆதரவு கிடைத்தால் ஒருவரைக் குழு ஆதரிக்கும், அந்த அளவு எவருக்கும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது. 60 விழுக்காடு என்று வைத்தால் நியாயமாக இருக்கும். எவரும் அதை எட்டாவிட்டால் ஆதரவு அறிவிக்காமல், எல்லோரையும் வாக்களிக்க மட்டும் அழைத்துச் செல்லுங்கள், அதுவும் பலம்தான்.

வேட்பாளர்களிடம் கேட்கும் கேள்விகள் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும். "தமிழ்ச் சமூகத்துக்கு என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் நம் பண்பாட்டின் தொன்மையைப் பற்றிய ஓர் உரை கிடைக்கும். 2023 சூலையில் தடம்புரண்டதோடு நின்றுபோன ஸ்காபரோ ரயில் தடத்துக்குப் பதிலாக ஓடும் பேருந்துகள் பற்றி, நகர நூலகங்களின் தமிழ்ப் பிரிவு பற்றி, முதியோருக்கான பகல்நேர நிகழ்ச்சிகள் பற்றிக் கேளுங்கள். நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பதில்களை எழுத்தில் பெற்று, திருத்தாமல் வெளியிடுங்கள்.

தமிழ் வேட்பாளர் என்பதால் மட்டும் ஒருவரை ஆதரிக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். 2011 இல் ராதிகா சிற்சபேசன் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழராக ஒட்டாவா சென்றபோது, அதற்கு முன் இருந்திராத ஒரு வாசல் திறந்தது உண்மை. ஆயினும் ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று தமிழர்கள் நின்று வாக்கைப் பிரித்துக்கொள்வதும் நமக்குப் பழகிப்போனது. ஒன்ராறியோ நகரங்கள் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையைப் பின்பற்ற இருந்த வாய்ப்பை மாகாண அரசு 2020 இல் நீக்கிவிட்டதால், பிரிந்த வாக்கு முழுவதும் வீண் வாக்கே. பேச்சுவார்த்தைக்குக் கடைசி வாய்ப்பு, வேட்புமனு முடியும் ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி வரை. அதற்குப் பின் ஒருவர் விலகுவதாக அறிவித்தாலும் அவர் பெயர் சீட்டில் இருக்கும். யாரை விலகச் சொல்வது என்பதைக் குழுவின் விதிப்படி நடந்த வாக்கெடுப்பைக் காட்டியே பேச வேண்டும். அவர் கேட்காமல் போகலாம்; பலர் கேட்பதில்லை. அப்போது குழு தன் முடிவில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை, அவருடைய உறவினர்கள் சில காலம் பேசாமல் இருப்பார்கள்.

கட்சிக்குள் நுழைதல்

மத்திய, மாகாணத் தேர்தல்களில் உண்மையான தெரிவு, தேர்தல் அறிவிப்புக்கு முன்பே கட்சியின் வேட்பாளர் நியமனத்தில் நடந்து முடிந்துவிடுவது வழக்கம். ஒரு கட்சிக்கு உறுதியான தொகுதியில், நியமனத்தை வெல்பவரே பாராளுமன்ற உறுப்பினர். அந்த நியமனத்தைச் சில நூறு பேரோ ஓரிரு ஆயிரம் பேரோ தீர்மானிக்கிறார்கள். மத்திய லிபரல் கட்சியிலும் பழமைவாதக் கட்சியிலும் 14 வயது நிறைந்தோர் உறுப்பினராகலாம், குடியுரிமை இல்லாத நிரந்தர வதிவாளரும் ஆகலாம். பொதுத்தேர்தலில் வாக்கில்லாதவருக்கு இங்கே வாக்குண்டு என்பதை நம் குடும்பங்களில் பலர் அறியார். லிபரல் கட்சியில் பதிவு இலவசம். நியமனத்தில் வாக்களிக்க, குறித்த ஒரு நாளுக்கு முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும் என்பதால், போட்டி அறிவிக்கப்படும்வரை காத்திராதீர்கள். கட்சித் தலைமை போட்டியே இல்லாமல் ஒருவரை நேரடியாக நியமித்துவிடுவதும் நடக்கும். அப்போது உங்கள் உறுப்பினர் பட்டியல் அந்த முறை பயன்படாது.

இதில் ஒரு கோட்டைத் தாண்டக்கூடாது. மற்றவருடைய உறுப்புரிமைக் கட்டணத்தை நீங்கள் செலுத்துவதும், தொகுதியில் வசிக்காதவரைப் பதிந்து ஏற்றி வருவதும், பிடிபட்டால் வேட்பாளரை மட்டுமன்றிச் சமூகத்தின் பெயரையும் சேர்த்தே கெடுக்கும். 2019 இல் ரொறன்ரோவின் டான் வேலி நார்த் தொகுதியின் லிபரல் நியமனத்துக்கு வெளிநாட்டு மாணவர்கள் பேருந்தில் அழைத்து வரப்பட்டதாக எழுந்த விவகாரம், பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளிநாட்டுத் தலையீடு குறித்த பொது விசாரணையில் ஆராயப்பட்டது. லிபரல் கட்சி 2025 தொடக்கத்தில் உறுப்புரிமை விதியையும் இறுக்கியது. புலம்பெயர் சமூகம் ஒன்று திரண்டாலே ஐயத்தோடு பார்ப்பவர்கள் இருக்கும் நாட்டில், அவர்கள் கையில் ஆதாரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏனைய சட்ட எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோயில், தேவாலயம், பதிவுபெற்ற அறக்கட்டளை எதுவும் எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிக்கக்கூடாது. வாக்களியுங்கள் என்று பொதுவாக ஊக்குவிக்கலாம், எல்லா வேட்பாளரையும் சமமாக அழைத்து விவாத மேடை அமைக்கலாம். நிறுவனப் பணத்திலிருந்து வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்க முடியாது. மத்திய தேர்தலில் குடிமக்களும் நிரந்தர வதிவாளரும் மட்டுமே, 2025 கணக்கில் ஆண்டுக்கு ஒரு கட்சிக்கு 1,750 டொலர் வரை கொடுக்கலாம். முதல் 400 டொலரில் 75 விழுக்காடு வரிக்கழிவாகத் திரும்பி வரும், ஆகவே நூறு குடும்பங்கள் தலா 100 டொலர் கொடுப்பது ஒரு செல்வந்தரின் விருந்தை விட எல்லா வகையிலும் மேலானது. குழு தன் பெயரில் விளம்பரம் செய்வதானால், வேட்பாளரோ கட்சியோ அல்லாத மூன்றாம் தரப்பாகப் பதிய வேண்டியிருக்கும். நகரசபைத் தேர்தலில் செலவு செய்யுமுன்னரே பதிய வேண்டும்; அங்கே தனிநபர், கூட்டு நிறுவனம், தொழிற்சங்கம் ஆகியவையே அவ்வாறு பதியலாம். வாக்குக்காகப் பரிசோ பணமோ குற்றம். வாக்களித்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதும் குற்றம். கூட்டு வாக்கின் இறுதி முடிவு திரைமறைவில் தனி ஒருவருடைய கையில்தான் இருக்கிறது, அதைச் சோதிக்க முயலவே கூடாது.

ஒரே கட்சியோடு நில்லாதீர்கள்

கனடியத் தமிழர் பிரிந்து கிடக்கிறார்கள் என்று நாமே நொந்துகொள்கிறோம்: ஹரி ஆனந்தசங்கரி லிபரல், லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் மாகாணப் பழமைவாதக் கட்சி, ராதிகா சிற்சபேசனும் நீதன் சாணும் புதிய ஜனநாயகக் கட்சி. என் கணிப்பில் நமக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி இந்தப் பிரிவினாலேயே கிடைத்தது. தமிழ் மரபுத் திங்களை ஏற்ற 2016 தீர்மானமும், மே 18 ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்ற 2022 தீர்மானமும் பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறின. எல்லாப் பக்கத்திலும் நம் வாக்கை இழக்க விரும்பாதவர்கள் இருந்தாலன்றி அது நடந்திராது. ஒன்ராறியோவில் தமிழின அழிப்பு அறிவூட்டல் வாரச் சட்டம் 2021 இல் வந்தது பழமைவாதக் கட்சி ஆட்சியில். ஸ்காபரோ ஸ்டெயின்ஸ் வீதியில் அமையவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்துக்கு நிலம் மாநகரத்துடையது, நிதி லிபரல் மத்திய அரசும் பழமைவாத மாகாண அரசும் அறிவித்தது. ஒரே கட்சியின் கோட்டையாக நம்மை அறிவித்துக்கொண்டால் அந்தக் கட்சி நம்மைத் தேடி வரத் தேவையில்லை, மற்றக் கட்சி தேடி வந்தும் பயனில்லை. வட்டாரந்தோறும், தேர்தல்தோறும், ஆளைப் பார்த்து முடிவெடுங்கள். குழுவின் பொறுப்பாளர்கள் எவரும் எந்தக் கட்சியிலும் சம்பளப் பதவியில் இருக்கக்கூடாது என்ற விதி இதற்கு உதவும்.

முடிவுகள் வந்த பின்

வென்றவருக்குப் பொன்னாடை போர்த்தும் விழாவை ஒத்திவையுங்கள். முதல் வேலை, வாக்குச்சாவடிவாரி முடிவுகள் வெளியானதும் நீங்கள் உழைத்த கட்டடங்களின் வாக்களிப்பை, முந்தைய தேர்தலோடும் அயலிலுள்ள சாவடிகளோடும் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதுவது. வாக்களிப்பு கூடியிருந்தால், அந்த ஒரு பக்கமே உங்கள் பலத்துக்கான சான்று. கூடாவிட்டால் எந்தக் கட்டடத்தில் பொறுப்பாளரை மாற்ற வேண்டும் என்று அது சொல்லும். நீங்கள் ஆதரித்தவர் தோற்றிருந்தாலும் வென்றவரிடம் அதே பக்கத்தோடு போங்கள். அடுத்த முறை அந்த வாக்குகள் தமக்கு வரக்கூடும் என்று கணக்கிடத் தெரியாதவர் அந்தப் பதவிக்கு வந்திருக்க மாட்டார்.

முதற் சந்திப்பை ஒரு மாதத்துக்குள் கேட்டுப் பெறுங்கள். ஐந்து பேருக்கு மேல் போகாதீர்கள். அவர் எழுதித் தந்த பதில்களின் பிரதியை மேசையில் வையுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். ரொறன்ரோவின் வரவுசெலவுத் திட்டம் சனவரியில் வெளியாகி, பொதுமக்கள் வந்து பேசும் அமர்வுகளும் அந்த மாதத்திலேயே நடக்கின்றன. பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். உங்கள் நான்கு கேள்விகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் பத்துப் பேரை, பேருந்துக்குக் குளிரில் காத்து நிற்பவர், பகல்நேர நிகழ்ச்சிக்குப் போகும் முதியவர் என்று, தனித்தனியே பதிவு செய்து அனுப்புங்கள். தமிழில் பேசினாற்றான் வசதி என்போருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமா என்று நகரச் செயலகத்தில் முதலிலேயே கேட்டுவையுங்கள்.